பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் போற்றி, அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத் கூறித் தொடங்குகிறோம். சற்று முன்னர் பள்ளிவாசல் பராமரிப்புக் கணக்கும், ரமளான் கஞ்சிக் கணக்கும், பைத்துல்மால் கணக்கும், மையவாடிச் செலவுக் கணக்கும் இங்கே வாசிக்கப்பட்டன. அவற்றுள் இடம்பெறாத ஓர் இடத்தைப் பற்றிப் பேசவே இந்த நேரத்தைக் கேட்டுப் பெற்றோம். நம் தெருக்கோடியில் இருக்கும் அரசுத் தொடக்கப்பள்ளியே அது. நம் பிள்ளைகளுள் பலர் காலை முதல் பிற்பகல் வரை இருப்பது அங்கேதான்.

தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நம்மிடம் ஓர் அழகிய வழக்கு உண்டு. தொழும் இடத்தையும் 'பள்ளி' என்கிறோம். படிக்கும் இடத்தையும் 'பள்ளி' என்கிறோம். "பள்ளிக்குப் போய்விட்டு வந்தாயா?" என்று ஒரு தாய் கேட்டால், எந்தப் பள்ளியைக் கேட்கிறார் என்பதைப் பொழுதை வைத்துத்தான் பிள்ளை புரிந்துகொள்ளும். சொல் ஒன்றாக இருப்பதுபோல் அக்கறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பள்ளியின் குழாயில் நீர் வரவில்லையென்றால் அன்று அஸருக்குள் சரிசெய்துவிடுகிறோம். மற்றொரு பள்ளியின் குழாயில் நீர் வருகிறதா என்று கேட்க நம்முள் யார் சென்றோம் என்று வினவிக்கொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

முன்னோர் காட்டிய வழி

நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் வஹீ ஓதும்படி பணிக்கும் கட்டளையோடு தொடங்கியது என்பதை இங்குள்ள சிறுவரும் அறிவர். ஹிஜ்ரி 2இல் நடந்த பத்ருப் போருக்குப் பின், எழுதத் தெரிந்த கைதிகளுள் மீட்புத்தொகை தர இயலாதவர்கள் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை பெறலாம் என்று முடிவு செய்யப்பட்டதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியவை இரண்டு. கற்பித்தவர்கள் அப்போது முஸ்லிம்கள் அல்லர். கற்றவர்களோ சிறு பிள்ளைகள். அறிவு எவரிடமிருந்து வந்தாலும் பெறத்தக்கது என்பதும், அதைப் பிஞ்சுப் பருவத்திலேயே பெற வேண்டும் என்பதும் அந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கின்றன.

தமிழகத்து முஸ்லிம் பெருமக்கள் கல்விக்குக் கொடுத்த கொடையும் சிறிதன்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றின. 1955இல் நீதியரசர் பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென்று எஸ்.ஐ.இ.டி. கல்லூரி உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்து முஸ்லிம்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 83 விழுக்காடு. மாநிலச் சராசரியோ 73 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தது. ஆயினும் நாடு முழுவதையும் ஆராய்ந்து 2006இல் அறிக்கை தந்த நீதியரசர் சச்சார் குழு, 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளுள் நான்கில் ஒருவர் பள்ளிக்கே சென்றதில்லை அல்லது இடையில் நின்றுவிட்டவர் என்று எடுத்துக்காட்டியது. நிற்பவர்கள் கல்லூரி வாசலில் நிற்பதில்லை. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளைதான் எட்டாம் வகுப்பில் நின்று, பட்டறைக்கோ கடைக்கோ போகிறான். ஆகவே கல்லூரிக்குக் கொடுத்த முன்னோரின் கொடை பயன் தர வேண்டுமானால், முதல் படிக்கட்டாகிய தொடக்கப்பள்ளியில் நாம் காலூன்ற வேண்டும்.

நம் இரயில் பாதையில் நடந்த மாநாடு

"அரசுப் பள்ளி அரசின் பொறுப்பு, அதில் ஜமாஅத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. வரலாறு அதற்கு விடை தருகிறது.

1920இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கத் தீர்மானித்தபோது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிட ஒப்புக்கொண்டது. 1956இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது, அதற்கான பொருளில் பெரும்பகுதி ஊராரின் பிடியரிசியாகவும் பருப்பாகவும் காய்கறியாகவும் வந்தது. அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்னும் இயக்கத்தை முன்னின்று நடத்தினார். அதன் முதல் மாநாடு 1958இல் நடந்த இடம் கடம்பத்தூர். ஆவடியில் அரக்கோணம் இரயில் ஏறினால் திருவள்ளூரைத் தாண்டி வரும் நிலையம்தான் அது. அம்மாநாடுகளில் ஊர் மக்கள் தத்தம் பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியலிட்டு, கரும்பலகையும் பலகைகளும் சுற்றுச்சுவரும் நிலமும் தாமே கொடுத்தார்கள். ஆசிரியரை அரசு அனுப்பியது; பள்ளியை ஊர் தாங்கியது. நாம் இன்று பேசுவது புதுமையன்று. நம் இரயில் பாதையில் ஒரு காலத்தில் நடந்ததைத்தான் மீண்டும் நினைவூட்டுகிறோம்.

காலை உணவும் மக்தப் நேரமும்

இனிப் பொதுக்குழுவின் முடிவுக்கு வைக்கப்படும் பொருளுக்கு வருகிறோம். 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2023 ஆகஸ்டு 25 அன்று அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2024இல் ஊரகத்திலும் 2025இல் நகர்ப்புறத்திலும், அதனுள் வந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று முறைவைத்து, காய்கறிச் சாம்பாருடன் பரிமாறப்படும் உணவு அது. காலை உணவில் இறைச்சி இல்லை. ஆகவே ஹலால் குறித்துப் பெற்றோர் ஐயுற வேண்டியதில்லை.

அந்த உணவு பள்ளி மணி அடிக்கும் முன்னரே பரிமாறப்பட்டு முடிந்துவிடுகிறது. நமது மக்தபோ காலை 6.30 மணிக்குத் தொடங்கி 8.15 மணி வரை நடைபெறுகிறது. பிள்ளைகள் ஓதி முடித்து, வீடு சென்று, சீருடை மாற்றிப் பள்ளியை அடையும்போது பந்தி முடிந்திருக்கும். தாயும் தந்தையும் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடும் வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. அந்தப் பிள்ளை மதிய உணவு வரை ஒரு தேநீரோடு அமர்ந்திருக்கும். ஓதக் கற்றுக்கொண்ட காரணத்தால் ஒரு பிள்ளை பசித்திருக்கும் நிலை வரலாகாது.

மக்தபின் நேரம் வகுக்கப்பட்ட காலத்தில் காலை உணவுத் திட்டம் இல்லை. காலம் மாறியிருப்பதால் நேரமும் மாற வேண்டும் என்பதே கல்விக் குழுவின் பரிந்துரை. காலை வகுப்பை 7.40 மணிக்கு முடிப்பது. குறைகின்ற நேரத்தை வாரத்தில் நான்கு நாட்கள் மஃரிபுக்குப் பின் நடத்தி நிறைவு செய்வது. விரும்பும் பிள்ளைகள் சீருடையிலேயே மக்தபுக்கு வந்து அங்கிருந்து நேரே பள்ளிக்குச் செல்ல இசைவளிப்பது. "உணவுக்காக ஓதும் நேரத்தைக் குறைப்பதா?" என்று மூத்தோர் சிலர் வருந்தினார்கள். அவர்களின் வருத்தம் குர்ஆனின் மீதுள்ள அன்பால் எழுந்தது, அதை மதிக்கிறோம். ஆனால் வாரக் கணக்கில் ஓதும் நேரம் சிறிதும் குறையவில்லை என்பதை அவர்கள் முன் பணிவுடன் வைக்கிறோம். மாலை வகுப்புக்கு வரும் உஸ்தாதுகளுக்குக் கூடுதல் ஊதியம் வழங்குவதும் இத்தீர்மானத்தின் ஒரு பகுதியாகும். அவர்களின் உழைப்பில் சிக்கனம் பார்த்து இதை நிறைவேற்ற எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

இரண்டாவது பொருள் பள்ளி மேலாண்மைக் குழு. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் இக்குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், பள்ளிக்கு வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் அக்குழுவின் கடமைகள். கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, வகுப்பறை ஒழுக்கு, ஆசிரியர் பணியிடம் ஆகிய அனைத்தையும் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பும் உரிமை அதற்கு உண்டு. தெருவில் நின்று முறையிடுவதைவிட, குழுவின் பதிவேட்டில் ஏறிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

தமிழகத்தில் இக்குழுக்கள் 2022இல் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 2024இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடமளிக்கப்பட்டது. 2022க்குப் பின் இக்கூட்டத்தை மாதத்தின் இறுதி வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடத்தும் வழக்கமும் ஏற்பட்டது. ஜமாஅத்தார்களே, இதைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது ஜும்ஆவுக்காக நம் ஆண்கள் வேலையிலிருந்து இசைவு பெற்றோ, கடையைச் சற்று மூடியோ வந்திருக்கும் நேரம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்று பேசும் கால்மணி நேரத்தில் பள்ளிக்கூடத்தை அடைந்துவிடலாம். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நம் பெற்றோருக்குரிய இருக்கைகள் வெறுமையாக இருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். "எங்களுக்குப் பேசத் தெரியாது" என்று தயங்க வேண்டாம். தனியே செல்லக் கூச்சமாக இருந்தால் மூவர் நால்வராகச் சேர்ந்து செல்லுங்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் மீட்கவே 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13 அன்று நமது திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. பிள்ளையின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று அத்திட்டம் வகைப்படுத்தியது. ஆசிரியரைக் காணும்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்கு வர வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?" எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இக்கேள்வியைக் கேட்கலாம். கேட்கும் தாய் இருக்கிறாள் என்று அறிந்தால் ஆசிரியருக்கும் உற்சாகம் பிறக்கும்.

நம் வரிசையில் நிற்போரின் பிள்ளைகள்

1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்த பின்னரே நம்முள் பலருடைய பாட்டனாரும் தந்தையரும் தென்மாவட்டங்களிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் இங்கே குடியேறினார்கள். வாடகை வீடு தேடி அலைந்த அவர்களுக்கு அன்று யாரோ வழிகாட்டினார்கள். இன்று பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஜும்ஆவில் நம் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் பகல் வேளையில் பட்டறை ஓரங்களிலும் கட்டட மனைகளிலும் விளையாடிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம்.

அவர்கள் பள்ளியில் சேரத் தடை எதுவும் சட்டத்தில் இல்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கலாகாது என்கிறது அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. அவர்களுக்குத் தெரியாதது வழி. நமக்குத் தெரிந்ததும் அதுதான். உருது பேசத் தெரிந்த நம் இளைஞர்கள் ஜும்ஆவுக்குப் பின் அவர்களிடம் பேசி, பிள்ளையின் கையைப் பிடித்துத் தலைமையாசிரியர் முன் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. அப்பிள்ளை எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்கள் பல யார் எவர் என்று கேளாமல் கதவைத் திறந்தனவே, அந்த மனமே இங்கும் வேண்டும்.

பொருளுதவி பற்றி ஒரு சொல். ஒன்றிய அரசு சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு 1ஆம் வகுப்பு முதலே வழங்கிவந்த கல்வி உதவித்தொகை, 2022இல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டுமே என்று சுருக்கப்பட்டது. எனவே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் சிறு தேவைகளுக்குப் பைத்துல்மால் முன்வர வேண்டியிருக்கிறது. ஸகாத் அதற்குரியோருக்கே சேரும். பள்ளியின் பொதுத் தேவைக்குக் கொடுப்பது ஸதகாவிலிருந்து அமையட்டும். இதில் இமாம் ஹஜ்ரத் அவர்களின் வழிகாட்டுதலே இறுதியானது.

வரும் கல்வியாண்டின் நாட்கள்

பள்ளியின் ஆண்டுக்கும் நம் ஜமாஅத்தின் ஆண்டுக்கும் பாலம் அமைக்கும் வகையில் சில நாட்களைக் குறித்துள்ளோம்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் முதல் நாள், புதிதாகச் சேரும் பிள்ளைகளை வரவேற்க நம் சார்பில் நால்வர் வாயிலில் நிற்பார்கள். அழும் பிள்ளைக்கு ஒரு பென்சிலும் ஒரு மிட்டாயும் போதும்.

ஜூலை 15 காமராசர் பிறந்தநாள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கல்வி வளர்ச்சி நாள். அன்று பள்ளியின் தேவைப் பட்டியலை மேலாண்மைக் குழுவிடமிருந்து பெற்று, நம்மால் இயன்றதை ஏற்போம்.

செப்டம்பர் 5 ஆசிரியர் நாள். டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த திருத்தணி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்று நம் தெருப் பள்ளியின் ஆசிரியைகளுக்கு நன்றி சொல்லச் செல்வோம். குறை சொல்ல மட்டுமே பெற்றோர் வருவார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு வரலாகாது.

நவம்பர் 11 மௌலானா அபுல் கலாம் ஆசாத் பிறந்தநாள். 2008 முதல் தேசியக் கல்வி நாள். நவம்பர் 14 குழந்தைகள் நாள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் பள்ளி நூலகத்திற்கு ஆளுக்கொரு நூல் திரட்டுவோம். சமயப் பரப்புரை நூல்கள் வேண்டாம். படமுள்ள கதைநூல்களே வேண்டும்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆண்டு விழா வரக்கூடும். அரசுப் பள்ளிகளில் 2024, 2025 ஆண்டுகளில் மார்ச் 1 அன்றே அடுத்த ஆண்டுச் சேர்க்கையும் தொடங்கியது. வரும் ஓரிரு ஆண்டுகளில் ரமளானும் இதே மாதங்களில் அமைகிறது. நோன்பு இருக்கிறது என்று விழாவுக்குச் செல்லாமல் இருக்க வேண்டாம். மேடையில் நம் பிள்ளை ஆடிப் பாடும்போது கீழே தேடும் முகம் பெற்றோருடையது. மாலை நேர விழாவானால் நோன்பு திறக்கும் நேரத்தைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே மரியாதையுடன் தெரிவித்தால் அவர்கள் கருதிப் பார்ப்பார்கள். தராவீஹுக்கு மக்கள் பெருகி வரும் இரவுகளில் சேர்க்கை அறிவிப்பை ஒலிபெருக்கியில் நாம் சொல்வோம். ஐந்து வயது நிறைந்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று நம் தெருக்களைவிட நன்றாக அறிந்தவர் எவர்?

நிறைவாக

தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்களை நாம் குறைகூறவில்லை; அது அவரவர் உரிமை. ஆனால் கட்டணத்திற்காகக் கடன் கேட்டுப் பைத்துல்மாலுக்கு வரும் விண்ணப்பங்களைக் காணும்போது, வீட்டருகே கட்டணமில்லாத பள்ளி ஒன்று நன்றாக நடந்தால் எத்தனை குடும்பங்கள் நிம்மதியடையும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகள் குறையக் குறைய அரசுப் பள்ளி நலியும். நலிந்தபின் அதை நம்பியிருக்கும் மிக ஏழையின் பிள்ளைக்கு வேறு வாயில் இராது. அந்த வாயிலைக் காப்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே பொதுக்குழுவின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, மக்தபின் காலை வகுப்பை 7.40 மணிக்கு நிறைவு செய்வது. இரண்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடைபெறும் வாரத்தில் ஜும்ஆ மேடையிலிருந்து அதை அறிவிப்பதும், உறுப்பினரான பெற்றோர் தவறாது செல்வதும். மூன்று, பள்ளியில் சேராத பிள்ளைகளைக் கண்டறிந்து சேர்க்க இளைஞர் அறுவர் கொண்ட குழுவை இன்றே அமைப்பது. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. நேரமும் நாவும் காலும் போதும்.

அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது, இரு பள்ளிகளின் கணக்கும் அதில் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறோம். இன்ஷா அல்லாஹ், அதற்கு வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.